நாய் என்று நினைத்துச் சுட்டவனும், நாய் சொன்னதால் சுட்டவனும்

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் கொலை செய்துவிட்டு, ‘அப்போது எனக்குப் புத்தி பேதலித்திருந்தது’ என்று சொல்லித் தப்பித்துவிடுகிறார்களாமே? கேன்சஸ் மாநிலம் செய்ததைப் போல மற்ற மாநிலங்களும் இந்த எதிர்வாதத்தை ஒழித்துவிட்டால் என்ன? ஒழிக்கக் கூடாது என்றால், எதைத்தான் திருத்துவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழிக்கக் கூடாது. இருப்பது இருக்கட்டும் என்று விட்டுவிடவும் கூடாது. ஆனால் 180 ஆண்டுகளாகச் சட்ட மேதைகள் எதோடு மல்லுக்கட்டி வந்தார்களோ, விதியை எந்தச் சொற்களில் எழுதுவது என்ற அந்த இலக்கணச் சண்டையில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. ஜூரி ‘குற்றவாளி அல்ல’ என்று சொன்ன மறுநாள் காலை அந்த மனிதர் எங்கே இருப்பார், அவரை வெளியே விடலாமா என்று யார் முடிவு செய்வார்கள் என்பதைச் சில மாநிலங்களே யோசித்து ஒழுங்குபடுத்தியிருக்கின்றன. திருத்தம் தேவைப்படுவது அங்கேதான்.

‘தப்பித்தல்’ என்ற சொல்லை முதலில் பார்த்துவிடுவோம். எட்டு மாநிலங்களின் வழக்குகளை எண்ணிப் பார்த்து 1991-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. கடுங்குற்ற வழக்குகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றில்தான் சித்தசுவாதீனம் இல்லை என்ற எதிர்வாதம் எழுப்பப்பட்டது. எழுப்பியவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்குத்தான் அது பலித்தது. பொதுமக்களைக் கேட்டபோதோ, நூற்றுக்கு 37 பேர் இப்படிச் சொல்கிறார்கள் என்றும், அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் வெற்றி பெறுகிறார்கள் என்றும் ஊகித்தார்கள். பலிக்கிற வழக்குகளிலும் பெரும்பாலானவை ஜூரி முன்பு வருவதே இல்லை. ஆளின் நிலை அவ்வளவு வெளிப்படையாக இருப்பதால் அரசுத் தரப்பும் எதிர்த்தரப்பும் ஒத்துப்போய், நீதிபதி முன்பே முடித்துவிடுகிறார்கள். நாம் பத்திரிகையில் படிப்பவை இரு தரப்பும் முட்டிக்கொள்கிற அரிய வழக்குகள் மட்டுமே.

தப்பித்தவர்கள் எங்கே போனார்கள்? இந்தச் சட்டத்துக்கே பெயர் கொடுத்தவர் கிளாஸ்கோவைச் சேர்ந்த மரக்கடைசல்காரர் டேனியல் மெக்நாட்டன். ஆளும் கட்சியினர் தன்னை ஊர் ஊராகத் துரத்துகிறார்கள் என்று நம்பி, 1843 ஜனவரியில் லண்டனில் பிரதமர் ராபர்ட் பீலைச் சுடக் கிளம்பியவர், பீலின் செயலாளர் எட்வர்ட் டிரமண்டைச் சுட்டுவிட்டார். ஜூரி அவரை விடுவித்தது. விக்டோரியா மகாராணி கொதித்தார். ஆனால் மெக்நாட்டன் அதற்குப் பிறகு ஒரு நாள்கூட வெளியே நடமாடவில்லை. பெத்லம், பிராட்மூர் காப்பகங்களில் 22 ஆண்டுகள் கிடந்து 1865-ல் இறந்தார். 1981 மார்ச் 30 அன்று அதிபர் ரேகனைச் சுட்ட ஜான் ஹிங்க்லி, 1982-ல் ‘குற்றவாளி அல்ல’ என்ற தீர்ப்புக்குப் பிறகு தலைநகர் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் வைக்கப்பட்டார். 2016-ல்தான் நிபந்தனைகளோடு வெளியே வாழ அனுமதி கிடைத்தது. நிபந்தனைகள் முழுவதும் நீங்கியது 2022-ல். இதைத் தப்பித்தல் என்றால் சிறைத்தண்டனைக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

மகாராணியின் கோபத்தின் விளைவாகப் பிரபுக்கள் சபை நீதிபதிகளைக் கூப்பிட்டுக் கேள்விகள் கேட்டது. அவர்கள் சொன்ன பதில்தான் மெக்நாட்டன் விதி: மனநோயால், தான் செய்வது இன்னதென்றே அறியாதவர், அல்லது அறிந்தாலும் அது தவறு என்று அறியாதவர், தண்டனைக்கு உரியவர் அல்ல. நம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு இதன் வழி வந்ததுதான். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-ஆம் பிரிவாக ஏறக்குறைய அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நாம் ஒன்றரை நூற்றாண்டாகக் கைவைக்காத அந்த வாக்கியத்தை அமெரிக்க மாநிலங்கள் அவிழ்ப்பதும் முடிவதுமாகவே இருந்திருக்கின்றன.

அதில் ஒரு கதையை மட்டும் சொல்கிறேன். 1954-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி டேவிட் பேஸலன், இந்தப் பழைய விதி மனநல மருத்துவத்துக்கு ஒத்துவரவில்லை என்று கருதி, ‘செயல் மனநோயின் விளைவா?’ என்ற ஒரே கேள்வியை வைத்தார். தாராளமான விதி. ஆனால் எது மனநோய் என்று யார் சொல்வது? மருத்துவர்கள்தானே. 1957-ல் ஒரு வெள்ளிக்கிழமை செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவர் ஒருவர், சமூகவிரோத ஆளுமை கொண்டவர் மனநோயாளி அல்ல என்று நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். சனி, ஞாயிறு கழிந்தது. மருத்துவமனை தன் வகைப்பாட்டை மாற்றிக்கொண்டது. திங்கட்கிழமை அதே நிலை மனநோய் ஆகிவிட்டது. வெள்ளியன்று குற்றவாளியாக இருந்திருக்கக்கூடியவர் திங்களன்று நோயாளி. 1972-ல் அதே நீதிமன்றம் அந்த விதியைக் கைவிட்டது. எவ்வளவு நுணுக்கமாகச் சொல் பொறுக்கினாலும், கடைசியில் முடிவு இன்னொருவர் கைக்குப் போய்விடுகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று எனக்குத் தெரியாது.

அதற்குள் அமெரிக்கச் சட்டக் கழகம் 1962-ல் ஒரு மாதிரிச் சட்டம் கொடுத்திருந்தது. தவறென்று உணரும் திறனோ, சட்டத்துக்கு அடங்கி நடக்கும் திறனோ கணிசமாக இல்லாதவருக்கு விலக்கு என்பது அதன் சாரம். பல மாநிலங்கள் ஏற்றன. பிறகு ஹிங்க்லி தீர்ப்பு வந்தது. கதவுகள் படபடவென்று சாத்தப்பட்டன. அவர் வழக்கில் ‘இவர் சித்தசுவாதீனத்தோடுதான் இருந்தார்’ என்று சந்தேகத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கும் சுமை அரசின் தலையில் இருந்தது. 1984-ல் அமெரிக்க நாடாளுமன்றம் கூட்டாட்சிச் சட்டத்தில் அந்தச் சுமையைக் குற்றம் சாட்டப்பட்டவரின் தலைக்கு மாற்றியது. அடங்கி நடக்கும் திறன் என்ற கிளையை வெட்டியது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏதோ ஒரு வகையில் அதே திசையில் நகர்ந்தன. அரிசோனா 1993-ல் மெக்நாட்டன் விதியிலேயே பாதியை அறுத்துவிட்டது. அலாஸ்கா அதற்கு முன்பே இன்னொரு பாதியை அறுத்திருந்தது. இரண்டு மாநிலங்களும் ஒரே துணியைக் கிழித்து ஆளுக்கொரு துண்டை வைத்துக்கொண்டன.

இப்போது கேன்சஸுக்கு வருகிறேன். மொன்டானா 1979-லும், ஐடஹோ 1982-லும், யூட்டா 1983-லும், கேன்சஸ் 1990-களின் நடுவிலும் இந்த எதிர்வாதத்தை எடுத்துவிட்டன. முழுவதுமாக அல்ல. மனநோயைச் சான்றாகக் கொண்டுவரலாம். ஆனால் ஒரே ஒரு விஷயத்தைக் காட்டத்தான்: குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொல்லும் எண்ணமே இல்லை என்று. எண்ணம் இருந்துவிட்டால், அந்த எண்ணம் எந்தப் பைத்தியத்திலிருந்து பிறந்தது என்பது கணக்கில் இல்லை. 2009-ல் பிரிந்திருந்த மனைவியையும் இரு மகள்களையும் மனைவியின் பாட்டியையும் சுட்டுக்கொன்ற ஜேம்ஸ் கேலரின் வழக்கில் இது அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2020 மார்ச்சில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் கேன்சஸ் வென்றது. மனநோய்க்கும் குற்றப்பொறுப்புக்கும் உள்ள உறவை எப்படி வகுப்பது என்பது மாநிலங்கள் தீர்மானிக்க வேண்டியது, அரசியல் சாசனம் ஒரே அச்சை எல்லார் மீதும் திணிக்கவில்லை என்றார் பெரும்பான்மைக்கு எழுதிய நீதிபதி எலினா கேகன். தண்டனை விதிக்கும் கட்டத்தில் மனநோயைப் பற்றிப் பேச கேன்சஸ் இடம் கொடுக்கிறதே என்பதும் அவர் வாதத்தில் ஒரு கண்ணி.

மாறுபட்ட நீதிபதி ஸ்டீபன் பிரையர் இரண்டு ஆட்களைக் கற்பனை செய்தார். இருவருக்கும் ஒரே கடுமையான மனநோய். இருவரும் ஒரு மனிதரைச் சுட்டுக் கொல்கிறார்கள். முதலாமவர் எதிரே நிற்பது நாய் என்று நினைத்துச் சுட்டார். இரண்டாமவர், நாய் ஒன்று தனக்குக் கட்டளையிட்டதால் சுட்டார். கேன்சஸ் சட்டப்படி முதலாமவருக்கு மனிதரைக் கொல்லும் எண்ணம் இல்லை, விடுதலை. இரண்டாமவருக்கு அந்த எண்ணம் இருந்தது, கொலைகாரர்.

நான் வகுப்பெடுத்த காலத்தில் இந்த இரண்டையும் பலகையில் எழுதிப்போட்டு, யாரைத் தண்டிக்கலாம் என்று கை தூக்கச் சொல்வேன். ‘மனநோய் எல்லாம் நடிப்பு’ என்று அதுவரை உறுமிக்கொண்டிருந்தவர்கள்கூட, இரண்டு பேருக்கும் இடையே கோடு கிழிக்க முடியாமல் திணறுவார்கள். முதல் வகை ஆளை நான் என் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. எலுமிச்சம்பழம் பிழிகிறேன் என்று நினைத்துக் கழுத்தை நெரிப்பவர் சட்டப் புத்தகத்து மனிதர். உண்மையில் வருபவர்கள் இரண்டாம் வகை. எதிரே இருப்பது மனிதர் என்று அவர்களுக்குத் தெரியும். ஏன் கொல்ல வேண்டும் என்பதில்தான் நோய் குடியிருக்கும். ஆகவே எண்ணத்தை மட்டும் பார்க்கும் சட்டம் நடிப்பவர்களைத் தடுக்கும் வலை என்று சொல்லிக்கொண்டு, நிஜ நோயாளிகளைத்தான் பிடிக்கிறது.

ஒழித்ததால் நடைமுறையில் என்ன ஆனது? மொன்டானாவில் இதை ஆராய்ந்தார்கள். முன்பானால் சித்தசுவாதீனம் இல்லை என்று விடுவிக்கப்பட்டிருக்கக் கூடிய ஆட்கள், ஒழித்த பிறகு ‘விசாரணையை எதிர்கொள்ளும் மனநிலையில் இல்லை’ என்று அறிவிக்கப்பட்டார்கள். குற்றச்சாட்டு கைவிடப்பட்டது, அதே மாநில மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள். முன்வாசலை அடைத்ததும் கூட்டம் கொல்லைவாசல் வழியாக அதே அறைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே வித்தியாசம், இந்த வழியில் ‘குற்றத்தை இவர்தான் செய்தாரா’ என்ற கேள்விக்கு ஒரு தீர்ப்புகூடக் கிடைப்பதில்லை. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இது எந்த வகையில் நியாயம்? நெவாடாவும் 1995-ல் ஒழித்துப் பார்த்தது. அதன் உச்ச நீதிமன்றமே 2001-ல் அந்தச் சட்டம் செல்லாது என்றது.

‘குற்றவாளி, ஆனால் மனநோயாளி’ என்ற நடுவழித் தீர்ப்பை மிச்சிகன் 1975-ல் கண்டுபிடித்தது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இதைப் பற்றி நீளமாக எழுதப் பொறுமை இல்லை. சாதாரணக் குற்றவாளிக்கு உள்ள அதே தண்டனை, அதே சிறை. சிகிச்சை கிடைக்கும் என்பதற்கு உறுதியும் இல்லை. தயங்கும் ஜூரிக்கு மனசாட்சியை ஆற்றிக்கொள்ள ஓர் ஒத்தடம், அவ்வளவுதான்.

விதியின் சொற்களில் நான் தொட விரும்புவது ஒன்றே ஒன்று: ‘தவறு’. டெக்சஸில் 2001 ஜூனில் ஆண்ட்ரியா யேட்ஸ் என்ற தாய் தன் ஐந்து குழந்தைகளையும் குளியல் தொட்டியில் மூழ்கடித்தார். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வந்த கடும் மனநோய். முன்பே பலமுறை மருத்துவமனையில் இருந்தவர். குழந்தைகளை நரகத்திலிருந்து காப்பாற்ற இது ஒன்றே வழி என்று நம்பினார். கணவர் வேலைக்குக் கிளம்பும் வரை காத்திருந்தார். முடித்ததும் அவரே காவல்துறையைத் தொலைபேசியில் அழைத்தார். ‘பார்த்தீர்களா, போலீசைக் கூப்பிட்டிருக்கிறார், தவறு என்று தெரிந்திருக்கிறது’ என்றது அரசுத் தரப்பு. சட்டம் தடுக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு தாயாகத் தான் செய்தது சரி என்றும் நம்பினார். சட்டத்தில் உள்ள ‘தவறு’ இந்த இரண்டில் எது? மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் நீதிபதிக்கு நீதிபதி, பதில் மாறுகிறது. ‘சட்டப்படியோ அறநெறிப்படியோ தவறு என்று உணர முடியாதவர்’ என்று ஒரு வரியில் தெளிவாக்கிவிடலாம்.

2002-ல் யேட்ஸுக்கு ஆயுள் தண்டனை. அரசுத் தரப்பு மருத்துவ சாட்சி, இதே போன்ற கதை ஒரு தொலைக்காட்சித் தொடரில் சற்று முன்புதான் வந்தது என்று சொல்லியிருந்தார். அப்படி ஓர் அத்தியாயமே ஒளிபரப்பாகவில்லை என்று பிறகு தெரிந்தது. 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 2006-ல் இரண்டாவது ஜூரி, சித்தசுவாதீனம் இல்லாததால் குற்றவாளி அல்ல என்றது. மாநில மருத்துவமனைக்குப் போனார். சட்டம் அதே சட்டம், செயல் அதே செயல்.

அந்த இரண்டு ஜூரிகளிடமும் மறைக்கப்பட்ட ஒன்று உண்டு. ‘குற்றவாளி அல்ல’ என்று நீங்கள் சொன்னால் இவர் வீட்டுக்குப் போகமாட்டார், மருத்துவமனைக்குப் போவார் என்பதை ஜூரியிடம் சொல்ல டெக்சஸ் சட்டம் நீதிபதிக்கோ வழக்கறிஞர்களுக்கோ அனுமதி கொடுப்பதில்லை. கூட்டாட்சி நீதிமன்றங்களில் சொல்லத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1994-ல் கூறிவிட்டது. தண்டனை பற்றி யோசிப்பது ஜூரியின் வேலை இல்லையாம். கொள்கையாகக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு பேர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் பேசும் முதல் பேச்சே, ‘விட்டுவிட்டால் நாளைக்கே தெருவில் நிற்பாரே’ என்பதுதான். தெரியாததை அச்சம் நிரப்பிக்கொள்கிறது. மாசசூசெட்ஸ் நீதிமன்றம் 1975-லேயே, கேட்டால் ஜூரிக்கு விளைவைச் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துவிட்டது. பணச் செலவில்லாத திருத்தம் இது. எல்லா மாநிலங்களும் நாளைக்கே செய்யலாம்.

அடுத்தது, மருத்துவமனைக்குப் போன பிறகு. 1975-ல் வாஷிங்டன் நகரக் கடை ஒன்றிலிருந்து ஒரு மேல்சட்டையைத் திருட முயன்ற ஜோன்ஸ் என்பவரின் கதை இது. அதற்கு அதிகபட்சத் தண்டனை ஓராண்டு. சித்தசுவாதீனம் இல்லாததால் குற்றவாளி அல்ல என்று ஆனது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 1983-ல் முடிவானபோது ஏழு ஆண்டுகளுக்கு மேல் காப்பகத்தில் கழித்திருந்தார். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அதில் தவறில்லை என்றது நீதிமன்றம். நோயும் ஆபத்தும் தீரும் வரை வைத்திருக்கலாமாம், தண்டனைக் காலத்தோடு அதற்குத் தொடர்பில்லையாம். விவரம் தெரிந்த வழக்கறிஞர் சிறு குற்றத்துக்கு இந்த எதிர்வாதத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். மறுபக்கம், 1992-ல் லூசியானா வழக்கொன்றில் அதே நீதிமன்றம், மனநோய் நீங்கியவரை ‘ஆபத்தானவர்’ என்ற ஒற்றைக் காரணத்துக்காக அடைத்து வைக்க முடியாது என்றது. ஒருபுறம் மேல்சட்டைக்கு முடிவற்ற காவல். மறுபுறம் ஒரு மருத்துவர் ‘நோய் இல்லை’ என்று எழுதிய அன்றே திறக்க வேண்டிய கதவு.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் ஓரிகனில் இருக்கிறது. 1978 முதல் அங்கே மனநலப் பாதுகாப்பு மறுஆய்வு வாரியம் என்ற அமைப்பு இயங்குகிறது. அதில் ஐந்து பேர்: ஒரு மனநல மருத்துவர், ஓர் உளவியலாளர், குற்றவியல் வழக்கு அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞர், நன்னடத்தைக் கண்காணிப்பில் பழகியவர் ஒருவர், பொதுமக்களில் ஒருவர். இந்தத் தீர்ப்பு பெற்றவர்களை அவர்கள் கையில் ஒப்படைத்துவிடுகிறார்கள். அதிகாரத்துக்குக் கால எல்லை உண்டு. தண்டிக்கப்பட்டிருந்தால் எவ்வளவு காலம் உள்ளே இருந்திருக்கலாமோ அதுதான் உச்சம். அதற்குள் நிபந்தனையோடு வெளியே விடலாம்: இந்த விடுதியில் தங்க வேண்டும், இந்த மருந்தை எடுக்க வேண்டும், இந்த நாளில் வந்து முகம் காட்ட வேண்டும். மாத்திரையை விட்டுவிட்டார் என்று தெரிந்தால், புதிய குற்றம் நடக்கும் வரை காத்திராமல் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். கனெக்டிகட் 1985-ல் இதைப் பின்பற்றியது. குறை இல்லாத ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். காலம் முடிந்த அன்று வாரியத்தின் பிடி சட்டென்று அறுந்துவிடுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆனால் தேர்தலில் நின்று வரும் தனி நீதிபதி ஒருவர், நாளைய தலைப்புச் செய்தியை நினைத்து நடுங்கிக்கொண்டே ‘இன்னும் ஓராண்டு இருக்கட்டும்’ என்று எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசியாக, யாரும் கேட்காத ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாநிலத்தில், இலவசச் சட்ட உதவி அலுவலகம் ஒன்றில் இருந்தேன். ஓர் இளைஞரின் கோப்பு என்னிடம் வந்தது. கடையில் உணவுப் பொட்டலம் எடுத்துக்கொண்டு வெளியேறியவர், தடுத்த காவலாளியைத் தள்ளியிருக்கிறார். என் பேனாவுக்குள் ஒலிவாங்கி இருக்கிறது என்று நம்பினார். அடுத்த முறை பென்சில் கொண்டுபோனேன். அதை வாங்கி முனையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்த பிறகுதான் பேசினார். விசாரணைக்குத் தகுதியான மனநிலை இல்லை என்று நீதிபதி இரண்டு நிமிடத்தில் எழுதிவிட்டார். மருத்துவமனையில் படுக்கை காலியாக நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் மாவட்டச் சிறையின் தனியறை. குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் சில வாரங்களில் வீடு போயிருப்பார். ஒப்புக்கொள்ளும் அளவுக்குப் புத்தி தெளியவில்லை என்பதற்காக உள்ளே கிடந்தார். சித்தசுவாதீன எதிர்வாதம் அந்தக் கோப்பில் எழவே இல்லை.

அந்த இளைஞர் விதிவிலக்கு அல்ல. வாஷிங்டன் மாநிலத்தில் இப்படிக் காத்திருப்பவர்களுக்காகத் தொடரப்பட்ட வழக்கில், ஏழு நாட்களுக்குள் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று கூட்டாட்சி நீதிபதி 2015-ல் உத்தரவிட்டார். மாநிலம் இழுத்தடித்தது. 2023-ல் அபராதமாக 100 மில்லியன் டாலருக்கு மேல் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. அந்தப் பணத்துக்கு எத்தனை படுக்கை போட்டிருக்கலாம் என்று மாநிலச் சட்டமன்றத்தில் யாராவது கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே ‘ஒழித்துவிட்டால் என்ன’ என்று கேட்பவரிடம் நான் கேட்பது: நூற்றில் ஒரு வழக்கில் எழுந்து, அதிலும் நான்கில் ஒன்றில் மட்டும் வெல்லும் வாதத்தை எடுத்துவிட்டு எதை மிச்சப்படுத்தப் போகிறீர்கள்? ஜூரிக்கு உண்மையைச் சொல்லும் ஒரு பத்தி, ‘தவறு’ என்ற சொல்லுக்கு ஒரு வரி விளக்கம், ஐந்து பேர் கொண்ட ஒரு வாரியம், போதுமான படுக்கைகள். முதல் இரண்டுக்கும் செலவு கிடையாது. மூன்றாவதற்குக் கொஞ்சம். நான்காவதற்குத்தான் நிறைய. எல்லாச் சட்டமன்றங்களும் இலக்கணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அந்த நான்காவதுதான் என்று எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம்.